பி.எல்.சி.க்கு ஐ.பி. முகவரியை யார் கொடுப்பது: ஆளா, சர்வரா?

பேனல்காரன்:
புது லைனில் 3 பி.எல்.சி. (இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோலர்), 22 டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). எல்லாவற்றுக்கும், நெட்வொர்க்கில் தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரே முகவரி கொடுக்கட்டும் என்கிறது ஐ.டி. பிரிவு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன வருடம் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்ததும் ஒரு பி.எல்.சி. முகவரியே இல்லாமல் எழுந்தது. ஆபரேட்டர் பார்க்கும் எச்.எம்.ஐ. திரை முழுக்கச் சிவப்பு. முகவரி கொடுத்த லேப்டாப் யார் வீட்டிலோ இருந்தது.

நைட்ஷிஃப்ட்:
அண்ணே, அது சர்வரின் தப்பு இல்லை, பாதியில் விட்ட வேலை. ஆலன் பிராட்லி வகையில் பல கன்ட்ரோலர்கள் பூட்பி (நெட்வொர்க்கில் முகவரி கேட்டு வாங்கும் முறை) திறந்தபடியேதான் பெட்டியிலிருந்து வரும். டூலில் முகவரி கொடுத்த பிறகு 'டிசேபிள்' பட்டனையும் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பவர் போய் வந்ததும் மறுபடி "எனக்கு முகவரி யார் தருவீர்கள்?" என்று கத்திக்கொண்டிருக்கும்.

ஐடி_ஆள்:
கையால் பதித்தால் மட்டும் என்ன வாழ்கிறது? உங்கள் எக்செல் தாளில் 192.168.1.50 யாருடையது? எங்கள் ஆலையில் ஒரே முகவரியை இரண்டு பேர் போட்டு, தொடர்பு விட்டு விட்டு அறுந்தது. கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி மேக் எண்ணை வைத்து சர்வரில் ஒதுக்கிவிட்டால் தினமும் அதே முகவரிதான்.

பேனல்காரன்:
சரி. ராத்திரி 2 மணிக்கு டிரைவ் எரிந்துபோய் ஸ்டோரில் இருக்கும் புதியதை மாட்டினால் மேக் எண் மாறிவிடுமே. அப்போது சர்வரைத் திறக்க நீங்கள் வருவீர்களா?

நைட்ஷிஃப்ட்:
அதற்குத்தான் நெட்வொர்க் சுவிட்சின் போர்ட்டை (கேபிள் சொருகும் துளை) வைத்துக் கொடுப்பது. ஸ்ட்ராடிக்ஸ் 5700 மாதிரி சுவிட்சில் 4ஆம் போர்ட்டில் எது சொருகினாலும் இந்த முகவரிதான் என்று கட்டிவிடலாம். ப்ரோஃபிநெட் என்ற இன்னொரு வகை ஆலை நெட்வொர்க்கில் கதையே வேறு: கருவிக்குப் பெயர்தான் முக்கியம், அந்தப் பெயரைப் பார்த்து ஐ.பி.யைக் கன்ட்ரோலரே கொடுத்துவிடும். எந்தக் கருவிக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று முன்பே அமைத்து வைத்திருந்தால், புதுக் கருவிக்குப் பெயரும் தானாக ஏறிவிடும். ஆனால் ஏற்கெனவே பெயர் வைத்த பழைய கருவியை மாட்டினால் ஏறாது, ரீசெட் செய்துதான் மாட்ட வேண்டும்.

பேனல்காரன்:
சொருகுகிறவன் இரண்டு கேபிளை மாற்றிச் சொருகினால்? இரண்டும் ஒரே மாடல் டிரைவ் என்றால் சரியான மாடல்தானா என்று கன்ட்ரோலர் பார்க்கும் கீயிங் சோதனைகூடத் தடுக்காது. கன்வேயருக்குச் சொன்ன வேகத்தில் மிக்ஸர் சுற்றும். முகவரி டிரைவுக்குள்ளேயே இருந்தால் எந்தப் போர்ட்டில் போட்டாலும் அது மிக்ஸர்தான்.

ஐடி_ஆள்:
இது நியாயம்தான். நான் யோசிக்கவில்லை.

நைட்ஷிஃப்ட்:
எனக்கும் பதில் இல்லை. பி.எல்.சி.க்குக் கையால் பதியுங்கள், முகவரியின் கடைசி எண்ணைத் திருகி வைக்கும் ரோட்டரி சுவிட்ச் உள்ள மாட்யூல் என்றால் இன்னும் நல்லது: ஆலன் பிராட்லியின் 1756-இ.என்.2.டி.யில் 012 வைத்தால் 192.168.1.12, பேனலைத் திறந்த யாருக்கும் கண்ணுக்குத் தெரியும். டிரைவுகளுக்கு மட்டும் போர்ட். கேபிள் மாறாமல் இருக்க இரண்டு முனையிலும் ஃபெரூல் (எண் எழுதிய அடையாள வளையம்) போட்டிருக்கிறீர்களா?

பேனல்காரன்:
ஒரு முனையில் மட்டும். நாளைக்கு மறுமுனையிலும் போடச் சொல்கிறேன்.