பிராண்டன்பர்க் பார்பரா: கணவர் முகத்தையே பார்க்காமல் 24 வருடம் ராணியா?

செந்நாரை கேட்டது:
செக் நாட்டின் தலைநகர் பிராகாவின் கோட்டையில் உள்ள விளாடிஸ்லாவ் மண்டபத்தைக் கட்டுவித்த ராஜா யார் என்று தேடப்போய், அவருடைய வம்சாவளியில் சிக்கிக்கொண்டேன். மனைவி பார்பரா, திருமணம் 1476, ரத்து 1500. நடுவில் 1490இல் பீட்ரிஸ் என்று இன்னொரு திருமணம். அப்படியானால் பார்பரா அத்தனை வருடமும் எங்கே இருந்தார்? ஒரு நாளாவது பிராகாவுக்குப் போனாரா? அடுத்த மாதம் பவேரியா போகிறேன், அவர் வாழ்ந்த இடம் ஏதாவது இருந்தால் பார்க்க ஆசை.

கோட்டைவாசல்:
போகவே இல்லை. பார்பராவை ‘கைவிடப்பட்ட ராணி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராஜா செய்தது பாதிதான், மீதியைச் செய்தது பிறந்த வீடு.

அப்பா ஆல்பிரெக்ட் அகிலிஸ், பிராண்டன்பர்க் இளவரசர். சைலீசியாவில் (இன்றைய போலந்துப் பகுதி) குளோகாவ் என்ற சிறு நாட்டின் மேல் அவருக்குக் கண். 1472இல் மகளை அதன் கோமகன் பதினோராம் ஹென்றிக்குக் கட்டிவைத்தார். பார்பராவுக்கு அப்போது எட்டு வயது. வாரிசில்லாமல் ஹென்றி இறந்தால் குளோகாவ் பார்பராவுக்கு என்பது ஏற்பாடு.

இனி தேதிகளைப் பாருங்கள். 1476 பிப்ரவரி 22, ஹென்றி இறக்கிறார். மே 30, பார்பராவுக்கு 12 வயது நிறைகிறது. திருச்சபைச் சட்டப்படி பெண்ணின் திருமண வயது அதுதான். ஆகஸ்ட் 20, ஓடர் நதிக்கரையில் உள்ள பிராங்க்பர்ட்டில், மாப்பிள்ளை இல்லாமல் பிரதிநிதியை வைத்து போஹேமிய (இன்றைய செக் நாடு) ராஜா விளாடிஸ்லாவுடன் திருமணம். மூன்று மாதம்கூடப் பொறுக்கவில்லை!

குளோகாவுக்காக நடந்த சண்டை 1482 வரை இழுத்தது. கடைசியில் பிராண்டன்பர்க்குக்குக் கிடைத்தது குரோசனும் அதைச் சுற்றிய ஊர்களும். பார்பராவின் விதவை உரிமையை வைத்துத்தான் அதைக் கேட்டு வாங்கினார்கள். விளாடிஸ்லாவ் கடைசிவரை மனைவியை அழைத்துக்கொள்ளவில்லை. 1490இல் ஹங்கேரி சிம்மாசனம் தேவைப்பட்டபோது, இறந்த ராஜா மத்தியாஸின் விதவை பீட்ரிஸை ரகசியமாக மணந்தார்.

நிலா_சட்டம்:
சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இருவரும் சம்மதச் சொல் சொல்லிவிட்டால் அது திருமணம், பிரதிநிதி மூலம் சொன்னாலும் சரி. ஆனால் தம்பதிக்குள் தாம்பத்திய உறவு நடக்காத பட்சத்தில் போப் அதைக் கலைக்கலாம். கத்தோலிக்கச் சட்டத்தில் இந்த விதி இன்றைக்கும் இருக்கிறது. 1500இல் போப் ஆறாம் அலெக்ஸாண்டர் பார்பரா, பீட்ரிஸ் இருவருடைய திருமணங்களையும் சேர்த்தே முடித்துவைத்தார். அதன் பிறகுதான் 1502இல் விளாடிஸ்லாவ் ஆன் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார்.

செந்நாரை:
புரிகிறது. ஆனால் ‘பிறந்த வீடு’ என்றீர்களே, அது என்ன?

கோட்டைவாசல்:
எனக்கு ஆறவே ஆறாத இடம் அது. அப்பா 1486இல் இறந்துவிட்டார். 1490களின் தொடக்கத்தில் பார்பரா, கொன்ராட் ஃபொன் ஹைடெக் என்ற பிரபுவை மணப்பதாக வாக்குக் கொடுத்தார். வயது முப்பதை நெருங்குகிறது, வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். ராஜாவுக்கும் விடுதலை வேண்டும், இவருக்கும் வேண்டும். சுமுகமாக முடிந்திருக்க வேண்டிய விஷயம். அண்ணன் தம்பிகள் சம்மதிக்கவில்லை. தங்கள் கையில் இருக்கும் ‘ராணி’ பட்டத்துக்கு விலை இருக்கிறதே! 1493இல் குல்ம்பாக் ஊருக்கு மேலே உள்ள பிளாசன்பர்க் கோட்டையில் அவரை அடைத்தார்கள். கொன்ராடை விட்டுவிட வைத்தார்கள்.

அடைத்தவர்களில் மூத்தவர் பிரெட்ரிக். அவர் மனைவி சோபியா யார் தெரியுமா? விளாடிஸ்லாவின் சொந்தத் தங்கை. 1479இல் அதே பிராங்க்பர்ட்டில்தான் அவர்கள் திருமணம். அந்த வீட்டுப் பெண் இங்கே வாழ்கிறாள், இந்த வீட்டுப் பெண் அங்கே போக முடியவில்லை. அப்புறம் பிரெட்ரிக்கின் மகன் கேயோர்க், மாமன் விளாடிஸ்லாவைத் தேடி ஹங்கேரியின் பூடா அரண்மனைக்கே போய்ப் பெரிய ஆளானார். உறவு யாருக்கும் அறுந்துபோகவில்லை, பார்பராவைத் தவிர.

1515இல் பிரெட்ரிக்கைப் பதவியிலிருந்து இறக்கி, அவருடைய பிள்ளைகளே அதே பிளாசன்பர்க்கில் அடைத்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் பார்பரா ஆன்ஸ்பாக்கில் இறந்தார்.

நிலா_சட்டம்:
பவேரியா போகும்போது குல்ம்பாக்கில் இறங்குங்கள். ஆனால் இப்போது நிற்கும் பிளாசன்பர்க் பார்பரா இருந்த கட்டடம் இல்லை. 1550களில் நடந்த போரில் கோட்டை நாசமாகி, அதன் பிறகு புதிதாகக் கட்டினார்கள். எல்லோரும் படம் எடுக்கும் அந்தச் சிற்ப வளைவு முற்றமும் அப்போது எழுந்ததுதான். நேரம் இருந்தால் அவர் பிறந்து இறந்த ஆன்ஸ்பாக்குக்கும் போய் வாருங்கள்.