சொந்த லாரி ஓட்டுவோரின் பழுதுச் செலவு: டெல்டாவில் எங்கள் அனுபவங்கள்

மன்னார்குடி, ஆறு சக்கர லாரி:

நம்மில் பெரும்பாலோர் ஒரே வண்டியை வைத்துக்கொண்டு, அதை நாமே ஓட்டி, தவணையையும் நாமே கட்டி வருகிறவர்கள். பழுதுச் செலவு என்றாலே எந்த உதிரிப்பாகம் என்ன விலை என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. என் அனுபவத்தில் விலையைக் காட்டிலும், அந்தச் செலவு எந்த மாதத்தில் வந்து விழுகிறது என்பதே நம் வரவு செலவைத் தீர்மானிக்கிறது. குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பாவும் தாளடியும் வரும் தை முதல் பங்குனி வரையிலும் வண்டிக்கு ஓய்வே இல்லை; கையில் பணம் புரள்வதும் அப்போதுதான். சித்திரை பிறந்தபின், வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, அந்தத் தண்ணீரில் விளைந்த நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்து சேரும் வரை நடை மிகக் குறைவு. வண்டியைப் பட்டறையில் நிறுத்துவதற்கு ஏற்ற காலம் அதுவே என்றாலும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வண்டியின் காப்பீடு, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) என எல்லாம் அந்த மாதங்களில்தான் வரிசையாக வருகின்றன. ஆகவே கமான் (வண்டியின் எடையைத் தாங்கும் வில் பட்டை அடுக்கு) வேலையையோ கிளட்ச் வேலையையோ தள்ளிப்போடுகிறோம். அது தை மாதத்தில், முழு லோடோடு நிற்கும் நேரத்தில், வேறொரு தொகையாக வந்து நிற்கிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. 300 மூட்டை ஏற்றினால் 12 டன் ஆகிறது. ஆறு சக்கர லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018-இல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது உண்மைதான், ஆனால் அந்த அறிவிப்பினால் பழைய வண்டியின் கமான் வலுப்பெற்றுவிடவில்லை. நம் ஊர்ச் சாலைகளில் பாதி, வாய்க்கால் கரையை ஒட்டிய சாலைகள். எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் ஓரத்தில் இறங்கித்தான் வழிவிட வேண்டும், களிமண் ஓரமோ மழை ஈரத்தில் அமுங்கும். சென்ற சம்பா அறுவடையில் அவ்வாறு ஒதுங்கியபோது லோடு முழுவதும் இடப்பக்கம் சாய்ந்து, பின்பக்கக் கமானின் மெயின் பட்டை முறிந்தது, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டும் அறுந்து அச்சு நகர்ந்துவிட்டது. பட்டையின் விலையும் பட்டறைக் கூலியும் சேர்ந்து ரூ.7,000-க்குள் முடிந்துவிட்டன. மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றிய சுமைக்கூலி, அந்த வண்டிக்குக் கொடுத்த வாடகை, என் வண்டி நின்றதால் போன நடைகள் ஆகியவற்றைக் கூட்டினால் அது போல மூன்று மடங்குக்கு மேல் வந்தது. பட்டறைச் சீட்டில் ஏறாத இந்தச் செலவை நாம் யாரும் எழுதி வைப்பதில்லை.

பழுதுக்கென்று கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் எடுத்து வைக்க வேண்டும் என்று நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடும் வண்டிக்கு அது சரி. கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு 20, 30 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் நம் வண்டிக்கு அந்தக் கணக்கு போதாது. ஏனெனில் கமானும் கிளட்சும் பிரேக் லைனரும் தேய்வது தூரத்தால் மட்டுமன்று, ஒவ்வொரு முறை லோடு ஏற்றி, நின்று, நகர்ந்து, இறக்குவதாலும்தான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் லோடோடு காத்திருந்து, வரிசை நகரும்போதெல்லாம் முதல் கியரில் உருட்டியவர்களுக்குக் கிளட்ச் தட்டு ஏன் விரைவில் தீர்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே நான் ஒரு லோடுக்கு ரூ.300 வீதம், வாடகை கைக்கு வந்த அன்றே, வீட்டுச் செலவுக் கணக்கோடு சேராத தனி வங்கிக் கணக்கில் போட்டு விடுகிறேன். டயருக்கும் தார்ப்பாய்க்கும் தனித் தொகை. தை, மாசியில் சேரும் அந்தப் பணம் வைகாசியில் பட்டறைக்குப் போகிறது.

மற்றவர்கள் தங்கள் வண்டியில் எந்தச் செலவு அதிகம் என்பதையும் எழுதினால் நல்லது.

வேதாரண்யம், உப்பு லோடு:

மன்னார்குடி அண்ணன் சொன்ன மாதக் கணக்கு எங்களுக்குத் தலைகீழாக இருக்கும். கோடையில்தான் உப்பு வாரப்படுகிறது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பாத்தியில் வேலை இல்லை. எங்கள் பெரிய செலவு துரு. மூட்டையிலிருந்து கசியும் உப்பு நீர் பாடிப் பலகையின் இடுக்கு வழியாகச் சேஸின் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் இறங்கி, குறுக்குச் சட்டத்தின் ரிவெட்டைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறது. வெளியே பெயின்ட் நன்றாகத் தெரியும், உள்ளே இரும்பு செதில் செதிலாகப் பெயரும். பிரேக் காற்றுக் குழாயின் இணைப்புகளும் பின் விளக்கின் வயர்களும் முதலில் போகின்றன. கமான் பட்டையில் துரு குழி விழுந்தால் அந்தக் குழியிலிருந்தே விரிசல் தொடங்குகிறது. ஆகவே எங்கள் வண்டிகளில் அளவான லோடிலும் பட்டை முறிகிறது.

லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுவது ஒன்றே எங்களுக்குப் பலன் கொடுத்தது. இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு என்பதால், எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்து, காய்ந்தபின் அதன் மேல் பெயின்ட் அடிக்கிறேன். எட்டு ஆண்டுகள் வரை எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும் என்பதால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எஃப்.சி. நெருங்கும்போது மொத்தமாக வெல்டிங் வைத்து அதிகப் பணம் கொடுக்கிறார்கள். சேஸில் கண்ட இடத்தில் வெல்டிங் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. சூடு பட்ட இடத்தை ஒட்டி அது மறுபடியும் விரியும்.

கும்பகோணம், பத்து சக்கர லாரி:

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி என்னுடையது. கமானும் டயரும் எல்லோருக்கும் உள்ளவைதான். எனக்குப் புதிதாக வந்த செலவு புகைக் குழாயில் இருக்கிறது. இந்த வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரியை எரிப்பதற்கு அது 550 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டியில் அது தானாக நடந்துவிடும். கிடங்கு வாசலில் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நின்று, பிறகு பத்து கிலோமீட்டர் ஓடி, மீண்டும் நிற்கிற வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி இழுவை குறைந்து, கடைசியில் சர்வீஸ் நிலையத்துக்குப் போய்க் கணினியை மாட்டித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுகிறேன். விளக்கு முதல் முறை எரிந்ததுமே தஞ்சாவூர் வரையாவது நிறுத்தாமல் ஓட்டிவிடுகிறேன் அல்லது பாதுகாப்பான வெட்டவெளியில் நிறுத்திப் பொத்தானை அழுத்திக் கரியை எரிய விடுகிறேன். வைக்கோல் கிடக்கும் களத்தருகே அதை ஒருபோதும் செய்யாதீர்கள், புகைக் குழாயின் சூட்டில் தீப்பிடிக்கும்.

இன்னொன்றை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். புகையின் நச்சைக் குறைக்க இந்த வண்டிகளில் ஊற்றும் டெஃப் கரைசலில் 32.5 சதவீதம் யூரியா என்று கேள்விப்பட்டு, உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிய வண்டியொன்றை நான் நேரில் பார்த்தேன். வயலுக்கு விற்கும் யூரியா 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது. கரைசலுக்கான யூரியா வேறு, அதற்கான தண்ணீரும் கனிமம் நீக்கியது. அந்த வண்டியில் தெளிப்பான் அடைத்து, சென்சாரும் போய், பம்பையே மாற்ற வேண்டி வந்தது. ஆண்டு முழுவதும் வாங்கும் நல்ல கரைசலின் விலை அந்த ஒரு சீட்டுக்கு ஈடாகாது.

திருவாரூர், ஆறு சக்கர லாரி:

ரீட்ரேடு டயர் (தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பர் ஒட்டியது) போடலாமா, புதிதே வாங்கலாமா என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கும் உதிரிப்பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகும் எனக்கு இந்தக் குழப்பம் தீரவில்லை.

பட்டுக்கோட்டை, பட்டறை வைத்திருப்பவர்:

தம்பி, முன் சக்கரத்துக்குப் புதிய டயர் மட்டும் போடுங்கள். அது பாதி தேய்ந்ததும் பின்னால் மாற்றி, பக்கவாட்டில் வெட்டும் வீக்கமும் இல்லாவிட்டால் ஒரு முறை ரீட்ரேடு செய்யலாம். கம்பி தெரியும் வரை ஓட்டிய டயரை எந்த ரீட்ரேடும் காப்பாற்றாது. இரட்டைச் சக்கரத்தில் உயரம் வேறுபட்ட டயர்களைச் சேர்த்துப் போட்டால் உயரமானதே முழு எடையையும் தாங்கிச் சூடேறி வெடிக்கும், அதனால் ஜோடியாகவே மாற்றுங்கள்.

மன்னார்குடித் தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். கமான் மாற்றிய வண்டியில், கமானை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டைச் சில லோடுகளுக்குப் பிறகு, லோடோடு நிறுத்தி, மறுபடியும் முறுக்க வேண்டும். பட்டறையிலிருந்து எடுத்துப்போன வண்டி இதற்காகத் திரும்பி வருவதில்லை; சென்டர் போல்ட் அறுவதில் பெரும்பகுதி இதனால்தான். கூலி கேட்க மாட்டேன், வண்டியைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று நானே சொல்லியும் பலர் வருவதில்லை. பிரேக்கின் காற்று டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள். தேங்கிய நீரில் சக்கரம் மூழ்க ஓட்டியிருந்தால் ஹப்பை (சக்கரத்தின் நடுக்கூடு) கழற்றிக் கிரீஸைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, பேரிங் அடுத்த அறுவடை வரை நிற்காது. கார்த்திகையில் மழை பிடித்து ஒரு வாரம் நடை இல்லாமல் போனாலும், நான்கு ஹப்பையும் திறந்து பார்ப்பதற்கு அந்த ஒரு வாரம் தாராளம்.