புதுப்பிப்பு: மானுக்கு .30-30 தோட்டா போதுமா?

பென்சில்வேனியாவில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு, செகண்ட்ஹேண்டில் வாங்கிய, கீழே உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கியும் .30-30 தோட்டாவும் போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

போதும். “170 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) தட்டைமூக்குக் குண்டு போடு, 150 கஜத்தைத் தாண்டிச் சுடாதே” என்ற யோசனைதான் கைகொடுத்தது. (இந்தத் துப்பாக்கியின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும்; அதில் கூர்முனைக் குண்டு ஆபத்து, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் உள்ள ப்ரைமரில், அதாவது பற்றவைக்கும் மூடியில், குத்தி வெடிக்கலாம்.) 100 கஜத்தில் குறிபார்க்கும் சைட்டைச் சரிசெய்தேன். மான் வந்தது 70 கஜத்தில், ஓக் மரங்களுக்கு நடுவே. தோளுக்குப் பின்னால் ஒரே குண்டு. 40 கஜம் ஓடி விழுந்தது.

எதிர்பாராதது ஒன்று: தடித்த கையுறையோடு ஹேமரை (சுடுவதற்கு முன் கட்டைவிரலால் இழுக்க வேண்டிய சுத்தியலை) பின்னுக்கு இழுக்கவே முடியவில்லை. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினேன். அதுவரை மான் நின்றது என் அதிர்ஷ்டம். அப்புறம், .30-30 வகை 1895இல் வந்தது என்பதால் “1895ஆம் வருஷத்துத் தோட்டாவா!” என்று சிரித்தவருக்கு: கறி இப்போது ஃப்ரீசரில்.