டாஹோ ஏரிக்கு இரு மாநிலங்களும் சேர்ந்து ஒரே திட்ட முகமை வைத்திருப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். நகரமைப்புப் பாடத்திற்காக அமெரிக்காவின் டாஹோ ஏரியைப் பற்றி எழுதுகிறேன். கலிபோர்னியா, நெவாடா இரண்டுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருக்கும்போது, ஒரு வீட்டின் முற்றத்திற்குத் தளம் போடுவதைக்கூட ஒரு வட்டார முகமை கட்டுப்படுத்துவது எதற்காக?

மறுமொழி 1:
எல்லைக்கோடு ஏரியின் நடுவே ஓடினாலும் தண்ணீருக்கு அது தெரியாதே! அதனால்தான் 1969இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அமெரிக்கக் காங்கிரஸ் ஒப்புதல் அளிக்க, இந்த முகமை உருவானது. தளம் போட்ட இடத்தில் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல், சாலைத்தூசியை அள்ளிக்கொண்டு ஏரியில் சேர்கிறது. அந்த நுண்துகள்கள் எளிதில் அடியில் படியாமல் மிதந்து, நீரின் தெளிவைக் குறைக்கின்றன. எனவே மனையின் சரிவையும் மண்ணையும் பார்த்து, அதன் பரப்பில் 1 முதல் 30 விழுக்காடு வரைதான் தளத்தாலோ கட்டடத்தாலோ மூட விடுகிறார்கள்.

மறுமொழி 2:
ஏரி நீரின் தெளிவை அளக்கும் முறையையும் சேர்த்து எழுதுங்கள். தட்டு போன்ற வெள்ளை வட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கிறார்கள். 1968இல் ஆண்டுச் சராசரி 31 மீட்டர். அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 20தான்.

மறுமொழி 3:
படகுச் சோதனையை விட்டுவிட வேண்டாம். அயல் சிப்பியினம் ஒட்டி வராதிருக்க, 2008 முதல் இயந்திரப் படகுகளைச் சோதித்த பிறகே ஏரியில் இறக்க விடுகிறார்கள். ஈரம் சொட்டினால் திருப்பி அனுப்புவதும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வட்டு அளவீட்டிலிருந்தே கட்டுரையைத் தொடங்குகிறேன்.