போன் பறித்துக்கொண்டு போனார்கள். "தொலைந்துவிட்டது" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள், எழுதலாமா?

மூணாவது மாடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணி இருக்கும். அம்மா கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வந்துகொண்டிருந்தார். பைக்கில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் போனைப் பிடுங்க, அம்மா விடாமல் பிடித்துக்கொள்ள, அவன் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான். முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. போன் 28,000 ரூபாய், இ.எம்.ஐ இன்னும் முடியவில்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

ஸ்டேஷன் பெயர், ஏரியா பெயர் எல்லாம் வேண்டாம். முதலில் போன இடத்தில் "ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்க லிமிட் இல்லை" என்றார்கள். அடுத்த ஸ்டேஷனில் ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டு, "போன் தொலைந்துபோச்சுன்னு எழுதிக் குடுங்கம்மா, சி.எஸ்.ஆர் போட்டுத் தர்றோம், போனோட ஐ.எம்.இ.ஐ நம்பரை வச்சு ட்ரேஸ் பண்ணிடலாம்" என்கிறார்கள். நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அம்மாவோ எழுதிக் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்கிறார். இன்ஷூரன்ஸில் எஃப்.ஐ.ஆர் காப்பி கேட்கிறார்கள். புதுச் சட்டத்தில் வீட்டிலிருந்தபடியே எஃப்.ஐ.ஆர் போடலாம் என்று படித்தேன், நிஜமா?

எலக்ட்ரிக் ட்ரெயின்:

எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்க பாஸ். எனக்கும் இதே கதைதான். சிம் வாங்கினேன், வேறு போன் வாங்கினேன், முடிந்தது. ரொம்ப முரண்டு பிடித்தால், எஃப்.ஐ.ஆர் போடாத போலீஸுக்கு இரண்டு வருஷம் ஜெயில் என்று புதுச் சட்டத்தில் இருக்கிறதாம், வாட்ஸ்அப்பில் வந்தது. அதைக் காட்டுங்க.

சைதை வக்கீலம்மா:

எழுதிக் கொடுக்காதீர்கள் தம்பி. அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதே பெரிய விஷயம்.

நான் சைதாப்பேட்டை கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறேன். சி.எஸ்.ஆர் காகிதத்தை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு "கேஸ் போட்டாச்சு மேடம்" என்று வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது. அதற்குக் கிரைம் நம்பர் கிடையாது. அதை வைத்து எந்த கோர்ட்டிலும் எதுவும் தொடங்காது.

ரசீது கூடப் பரவாயில்லை. "தொலைந்தது" என்ற அந்த ஒரு வரிதான் ஆபத்து. குற்றமே நடக்கவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. நாளைக்கு அந்தப் பையன் வேறு கேஸில் சிக்கி, அவனிடமிருந்து உங்கள் போனும் கிடைக்கிறது என்று வையுங்கள். அவனுடைய வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது உங்கள் அம்மாவின் கையெழுத்தைத்தான். அந்தப் பக்கம் நான் நின்றாலும் அதைத்தான் செய்வேன். இன்ஷூரன்ஸும் அப்படித்தான்: திருட்டுக்குப் பணம் தருகிற பல பாலிசிகள் தொலைத்ததற்குத் தருவதில்லை.

இப்போது நடந்ததைப் பாருங்கள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது ஐ.பி.சி-க்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ்-இல் 304-வது பிரிவு, பறிப்பு. மூன்று வருஷம் வரை தண்டனை. பழைய ஐ.பி.சி-யில் பறிப்புக்கென்று தனிப் பிரிவு இல்லை, 2024 ஜூலை 1 முதல்தான் வந்தது. ஆனால் உங்கள் அம்மாவைத் தள்ளிக் காயப்படுத்தியிருக்கிறான். திருடுவதற்காக வேண்டுமென்றே காயப்படுத்தினால் 309-க்குப் போய்விடும், வழிப்பறி. பத்து வருஷம் வரை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், குற்ற நடைமுறைக்கான புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்-இல் 173(3) என்று ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், உடனே எஃப்.ஐ.ஆர் போடாமல் டி.எஸ்.பி அனுமதியுடன் 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். சென்னையில் உதவி கமிஷனர் (ஏ.சி) என்று படித்துக்கொள்ளுங்கள். வெறும் பறிப்பு என்றால் இதைச் சொல்லி இழுக்க வழி இருக்கிறது. வழிப்பறிக்கு இந்த வழி கிடையாது. அதனால் அந்தத் தள்ளு, சிராய்ப்பு, வீக்கம் எல்லாம் புகாரில் வர வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்கு இன்றே கூட்டிப்போய், எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, ஏ.ஆர் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆனால் இல்லாததைச் சேர்க்காதீர்கள். கேஸ் பலமாக இருக்கட்டும் என்று "கத்தியைக் காட்டினான்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி மொத்தத்தையும் கவிழ்த்துவிடும்.

லிமிட் விஷயம்: சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று 173(1)-லேயே எழுதியிருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர் என்று பேப்பரில் வந்ததே, அதுதான். பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவது அவர்கள் வேலை. வீட்டிலிருந்தே போடலாம் என்பது பாதி உண்மை. மின்னஞ்சல் மாதிரி வழியில் தகவல் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு. ஆகவே ஸ்டேஷன் படி ஏறாமல் முடியாது. எஃப்.ஐ.ஆர் போட்டதும் காப்பி இலவசம், கேட்டு வாங்குங்கள்.

எலக்ட்ரிக் ட்ரெயின் சொன்ன ஜெயில் சமாச்சாரம் பி.என்.எஸ் 199. அது பாலியல் குற்றம், ஆசிட் வீச்சு மாதிரி அங்கே பட்டியலிட்ட சில குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு மட்டும். போன் கேஸில் அதைக் காட்டினால் ஸ்டேஷன் ரைட்டர் சிரிப்பார்.

நேரே இன்ஸ்பெக்டரிடம் எழுத்துப் புகார் கொடுங்கள். மறுத்தால் அதே புகாரைத் துணை கமிஷனருக்கு (டி.சி) பதிவுத் தபாலில் அனுப்பி, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அபிடவிட்டோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3)-இல் மனு. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2013-லேயே சொல்லிவிட்டார்கள். மேலே சொன்ன 14 நாள் அதில் புதுச் சட்டம் போட்ட ஓட்டை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். போன் பில்லைக் கண்டிப்பாக இணையுங்கள். 5,000 ரூபாய்க்குக் கீழான சாதாரணத் திருட்டைப் புதுச் சட்டம் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றமாக்கிவிட்டது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். உங்கள் 28,000-க்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் எங்கள் கோர்ட் வாசலில் பூ விற்கிற அம்மாவின் போன் 4,000 பெறுமா? கூடையிலிருந்து அதை ஒருவன் எடுத்துக்கொண்டு போனால் அவர் எந்த மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போவார்? ஜி-பே, பேரன் ஸ்கூல் மெசேஜ் எல்லாம் அதில்தான் இருக்கிறது. புதுச் சட்டங்களைப் பற்றி டிவியில் நடந்த இத்தனை விவாதத்தில் இதை யாரும் பேசி நான் கேட்கவில்லை.

மாஜி எஸ்.எஸ்.ஐ:

மேடம் சொன்னதெல்லாம் சட்டப்படி சரி. உள்ளே இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு போனுக்கும் எஃப்.ஐ.ஆர் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேஸ் டைரி (சி.டி) ஃபைல், கடைசியில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கோர்ட்டுக்கு ரிப்போர்ட். நடுவில் பந்தோபஸ்து, வி.ஐ.பி ரூட். கிரைம் மீட்டிங்கில் நிலுவை எத்தனை என்று வறுத்தெடுப்பார்கள். சி.எஸ்.ஆர் போடுகிறவன் எல்லாம் கெட்டவன் கிடையாது.

தம்பி, காலையில் இன்ஸ்பெக்டர் இருக்கும்போது போங்கள், சாயங்காலம் போகாதீர்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள். எஃப்.ஐ.ஆர் போட்டார்களா என்று தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.

சைதை வக்கீலம்மா:

சார், வேலைப்பளு எனக்குத் தெரியாததா. ஆள் பற்றவில்லை என்றால் அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். அதற்காக அடிபட்ட ஒரு அம்மாவிடம் நடக்காததை எழுதி வாங்கக் கூடாது. குற்றம் குறைந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம், அந்த வருஷம் சி.எஸ்.ஆர் எத்தனை என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

காலையில் போகச் சொன்னது நல்ல யோசனை.

மூணாவது மாடி:

ரொம்ப நன்றி மேடம், நன்றி சார். ஏ.ஆர் போட்டாச்சு, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. சிம்மை அன்றைக்கே பிளாக் பண்ணிவிட்டேன். அந்தத் தெருவில் மருந்துக் கடை கேமராவில் பைக் தெரிகிறதாம், பென்டிரைவ் கொண்டு வந்தால் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? கோர்ட் வரை போக வேண்டி வந்தால் ஃபீஸ் எவ்வளவு ஆகும்?

சைதை வக்கீலம்மா:

இன்றைக்கே போங்கள். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதுசு ஏறிவிடும். புது பென்டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள், கல்யாண வீடியோ இருக்கிற பென்டிரைவ் வேண்டாம். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். கேமராவில் ஓடும் நேரமும் நிஜ நேரமும் ஒன்றா என்று பார்த்து, வித்தியாசம் இருந்தால் புகாரில் எழுதுங்கள். கேமரா பதிவு சேரும் அந்த டி.வி.ஆர் பெட்டியில் உள்ளதை அழிக்க வேண்டாம் என்றும் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். விசாரணை அதிகாரி முறைப்படி எடுக்கும்போது புதுச் சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ-வின் 63-படி சான்றிதழ் வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி தான் இப்போது இந்த எண்ணில் இருக்கிறது. கடைக்காரர் அதில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அப்புறம் "எனக்கு எதுக்கு சார் வம்பு" என்பார், இப்போதே பேசிவிடுங்கள்.

ஐ.எம்.இ.ஐ-யை முடக்க மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர் தளம் இருக்கிறது. அதில் போலீஸ் புகார் காப்பியும் பில்லும் ஏற்றச் சொல்லும், எஃப்.ஐ.ஆர் கைக்கு வந்ததும் செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து ஏதாவது பணம் போயிருந்தால் அதற்கு மட்டும் எஃப்.ஐ.ஆருக்குக் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

ஃபீஸ் கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு. சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள், ஹைகோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகமும் இருக்கிறது. மனுதாரர் அம்மாவாக இருக்க வேண்டும், உங்கள் பெயரில் போடாதீர்கள். புகாரையும் அம்மா சொல்லச் சொல்ல அவர் வார்த்தையிலேயே தமிழில் எழுதுங்கள்.