புதுப்பிப்பு: 29,000 பவுண்டு வருமான விதியும் தம்பி மனைவியின் விசாவும்

தம்பி லண்டனில் வேலை பார்க்கிறான், சம்பளம் ஆண்டுக்கு 24,000 பவுண்டு. திருச்சியில் இருக்கும் மனைவியை அழைக்க வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். விசா கிடைத்துவிட்டது!

மனைவியை அழைக்க ஆண்டுக்குக் குறைந்தது இவ்வளவு வருமானம் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் வைத்திருக்கும் வரம்பு 2012 முதல் 18,600 பவுண்டாக இருந்தது, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. அவள் இங்கே வங்கியில் வாங்கும் சம்பளம் கணக்கில் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் பிரிட்டனில் இருப்பவரின் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள்.

குறைகிற வருமானத்துக்குப் பதிலாகச் சேமிப்பைக் காட்டலாம் என்று சிலர் சொன்னீர்கள். கணக்கு இதுதான்: குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 சேர்க்க வேண்டும். அவனுக்கு 5,000 குறைவு, ஆக 28,500 பவுண்டு. அதுவும் 6 மாதம் கையிருப்பில் இருந்திருக்க வேண்டும். எங்களால் முடியாது.

அதனால் வார இறுதியில் இன்னொரு வேலையில் சேர்ந்தான். இரண்டு வேலையிலும் 6 மாதம் முடித்த பிறகுதான் விண்ணப்பித்தோம். மாதச் சம்பளக்காரர்கள் கவனிக்க: அந்த 6 மாதத்தில் சம்பளம் கூடிக் குறைந்திருந்தால் குறைந்ததை வைத்துத்தான் ஆண்டுக் கணக்கு. சம்பளச் சீட்டில் உள்ள தொகையும் வங்கிக் கணக்கில் ஏறிய தொகையும் ஒத்துப்போக வேண்டும்.

உடல்நலக் குறைவுக்கான சில அரசு உதவித்தொகைகள் பெறுபவர்களுக்கு இந்த 29,000 பொருந்தாது. அப்படி யாராவது இருந்தால் முதலில் அதை விசாரியுங்கள்.

முழுநேர வேலை செய்கிற ஒருவன் தன் மனைவியோடு வாழ வார இறுதியையும் விற்க வேண்டியிருப்பது நியாயமே இல்லை. விசா நீட்டிப்புக்கும் வருமானம் காட்ட வேண்டும். அவள் அங்கே வேலைக்குப் போனால் அப்போது இருவர் சம்பளமும் சேரும்.