பாறைகளில் கால்சியம் ஐசோடோப்பு அளவீடு: ‘உரையாணி’ என்னும் சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

அளவீடு சரியா என்று பார்க்க உடன்வைத்து அளக்கும், மதிப்புத் தெரிந்த பொருளை ஆங்கிலத்தில் ‘ரெஃபரென்ஸ் மெட்டீரியல்’ என்பர். நம் கலைச்சொல் தொகுப்புக்காக அதற்கு இதுவரை நீங்கள் முன்மொழிந்த சொற்களைக் கால்சியம் ஐசோடோப்பு அளவீட்டில் வைத்துப் பார்த்தேன். (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணு வகைகளே ஐசோடோப்புகள். ஐசோடோப்பா, ஓரிடத்தானா என்ற பழைய வழக்கை இங்கே கிளற வேண்டாம், பாடநூல் வழக்கையே கொள்கிறேன்.) ‘தரப்பொருள்’ என்றால் நல்ல சரக்கு என்றே படிப்பவர் கொள்வார். ‘சான்றுப்பொருள்’ நீதிமன்றத்துக்கு உரியது. தவிர, பிஹெச்விஓ-2 என்னும் ஹவாய் பசால்ட் தூளுக்கு இத்துறையார் கொள்ளும் கால்சியம் ஐசோடோப்பு மதிப்பு, பல ஆய்வகங்கள் தனித்தனியே அளந்து, முடிவுகள் ஒத்து வந்ததால் நிலைத்ததே அன்றி, சான்றிதழால் வந்ததன்று.

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்ன ‘உரைகல்’ இலக்குக்கு மிக அருகில் வந்துவிட்டது. ஆனால், பொற்கொல்லர் கறுப்புக் கல்லில் நகையை ஒரு கோடு இழைத்து, அதை ஒட்டியே, மாற்று (பொன்னின் தூய்மை அளவு) தெரிந்த ஆணியான உரையாணியால் இன்னொரு கோடு இழைத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிடும்போது, கல் கோடுகளைத் தாங்குகிறதே தவிர அதற்கென்று மாற்று இல்லை. மதிப்புத் தெரிந்தது ஆணிதான். அந்த ஆணியும் பசும்பொன்னாக இருக்க வேண்டியதில்லை; மாற்றுக் குறைந்த நகைக்கு மாற்றுக் குறைந்த ஆணியே பொருந்தும்.

இந்தக் கடைசிச் செய்திதான் என்னை ‘உரையாணி’ என்னும் சொல்லின் பக்கம் சாய்த்தது. பாறைத்தூளை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, அயனிப் பரிமாற்றப் பிசினின் வழியே கால்சியத்தைப் பிரித்தெடுக்கும்போது, அதில் ஒரு பங்கு பிசினிலேயே தங்கிவிட்டால் ஐசோடோப்பு விகிதமும் மாறிவிடும். எஞ்சிய பொட்டாசியம் நிறை 40-இலும், இருமின்னூட்டம் பெற்றதால் கருவிக்குப் பாதி நிறையாய்த் தோன்றும் ஸ்ட்ரான்சியம் 88 நிறை 44-இலும் வந்து குறுக்கிடும். புவிப் பாறைகளிடையே கால்சியம் 44-க்கும் கால்சியம் 40-க்கும் உள்ள விகிதத்தின் வேறுபாடு பெரும்பாலும் ஆயிரத்தில் ஓரிரு பங்கே என்பதால், இத்தகைய சிறு பிசகும் முடிவையே புரட்டிவிடும். தூய கால்சியம் கார்பனேட் இந்தச் சிக்கல்களில் மாட்டுவதில்லை. ஆகவே அதை வைத்து முறையைச் சரிபார்த்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. பசால்ட்டுக்குப் பசால்ட் உரையாணி வேண்டும், சுண்ணாம்புக்கல்லுக்குச் சுண்ணாம்புக்கல்.

எல்லா ஒப்பீட்டுக்கும் தொடக்கப் புள்ளியாகக் கொண்ட எஸ்ஆர்எம் 915ஏ என்னும் கால்சியம் கார்பனேட்டுக்கு வேறு பெயர் தேவை. அது அளவுகோலின் சுழி (பூச்சியம்). அதன் டெல்டா மதிப்பு (சுழிப்புள்ளியிலிருந்து ஐசோடோப்பு விகிதம் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகுகிறது என்பது) அளந்து கண்டதன்று, சுழியென்று வைத்துக்கொண்டது. அதன் இருப்புத் தீர்ந்து 915பி வந்தபோது, புதியது ஏறத்தாழ ஆயிரத்துக்கு 0.7 மேலே நின்றது. எனவே எதைச் சுழியாகக் கொண்டோம் என்பதை ஒவ்வொரு கட்டுரையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இதற்குச் ‘சுழிப்பொருள்’ போதும்.

தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்துப் புட்டியில் வைத்து, ஓர் ஆய்வகம் நாள்தோறும் தன் கருவியைச் சோதித்துவந்தால், அது உரையாணி ஆகுமா என்று தென்காசி அம்மையார் கேட்டிருந்தார். பிற ஆய்வகங்களும் அதே தூளை அளந்து ஒத்துப்போகும் வரை அதை ‘அக உரையாணி’ என்று மட்டும் வழங்கலாம் என்பது என் கருத்து. அந்தப் புட்டியிலிருந்து எங்கே அள்ளினாலும் ஒரே மதிப்பு வருகிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுப்பு இருப்போர் எழுதுக. இல்லையேல் மூன்று சொற்களையும் தொகுப்பில் சேர்த்துவிடலாம்.